பதினேழாம் எண் குழந்தை

எங்கள் குழுவின் ரப்பர் ஸ்டாம்பு வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

குழு பிறந்தது பூங்காவில். காலையில் நடக்கப் போகும் நாலு பேர்: டைல்ஸ் கடை வைத்திருக்கும் என் கணவர், அவருடைய அக்கா, பல் டாக்டர், இன்சூரன்ஸ் ஏஜென்ட். நடக்கப் போகிறோம் என்று பேர்தான். இரண்டு சுற்று நடந்துவிட்டு ஆறு சுற்றுக்கான பேச்சைப் பேசிவிட்டு வருவார்கள். பக்கத்துத் தெரு தையல்காரர் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்தும் சேர வழியில்லாமல் வீட்டில் இருக்கிறாள் என்று நான்தான் கணவரிடம் சொன்னேன். அவள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் பத்தொன்பது வருடமாக நான் பொறுப்பாளி. குழாய்களைக் கழுவுவது, அமில பாட்டில்களைப் பூட்டி வைப்பது, உடைந்ததை எழுதிவைப்பது என் வேலை.

நாலு பேரும் நாலே நாளில் பணம் சேர்த்து அந்தப் பெண்ணைச் சேர்த்துவிட்டார்கள். கூட்டம் இல்லை, நாற்காலி இல்லை, போட்டோ இல்லை. அந்த ஒரு வருடத்துக்காக இன்றைக்கும் நான் அவர்களை மனசார மதிக்கிறேன். அதற்கப்புறம்தான் குழு வளர ஆரம்பித்தது.

வளர்ச்சிக்கு முதல் அடையாளம் பெயர். 'இளம் விஞ்ஞானிகள் கல்வி உதவிக் குழு' என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தது நான். விதிகளையும் நானே எழுதினேன். எல்லாம் ஒரு பக்கத்துக்குள். அதை எடுத்துக்கொண்டு நாலு பேரும் ஸ்டாம்பு செய்பவரிடம் போனார்கள்.

"வட்டத்துக்குள்ள இத்தனை எழுத்து சுத்தாது சார். ஒரு வார்த்தைய எடுத்துடுங்க," என்றார் அவர்.

"சதுரமா போட்டா?"

"சதுர ஸ்டாம்பு கூரியர் கம்பெனிக்குப் போடறது சார்."

அவ்வளவுதான், கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. எந்த வார்த்தையை எடுப்பது? கல்வியை எடுத்தால் வெறும் உதவிக் குழு, வீட்டு வாடகைக்குப் பணம் கேட்டு வந்துவிடுவார்கள் என்றார் டாக்டர். உதவியை எடுத்தால் குழு எதற்கு என்றார் என் கணவர். ஏஜென்ட்தான் வழி சொன்னாராம்.

"இளம்-ஐ எடுத்துடலாம். படிக்கிறவன்னா சின்னப் பசங்கதானே? வயசான பிறகு எவன் சார் படிக்கிறான்?"

ஸ்டாம்பில் இருப்பதுதான் பெயர் என்று பதிவு அலுவலகத்தில் சொல்லிவிட்டதால் விதிகளிலும் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பல் டாக்டர் சுத்தம் பார்க்கிற மனிதர். கிளினிக் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம், "விதிமுறை முழுக்க 'இளம்' எங்க இருந்தாலும் தூக்கிடும்மா," என்றார். அவள் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் தூக்கினாள். 'இளம் வயதினர் எவரும் விண்ணப்பிக்கலாம்' என்று நான் எழுதியிருந்த நாலாம் விதி, 'வயதினர் எவரும் விண்ணப்பிக்கலாம்' என்று ஆனது. அப்படியே பதிவும் ஆனது. நாலு பேரும் படித்துப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டாம் வருடம் லெட்டர்பேடு வந்தது. மூன்றாம் வருடம் பச்சைச் சட்டை, பேட்ஜ், ஆண்டு விழா. நாலாம் வருடம் ஆறு துணைத்தலைவர்கள், ஒரு மாணவி. அந்த ஒரு மாணவியை, ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த காசோலையோடு மூன்று தடவை மேடை ஏற்றினார்கள். முதல் தடவை ஏஜென்ட் கண்ணை மூடிவிட்டார். இரண்டாம் தடவை தலைவர் பின்னால் நின்றுவிட்டார். தலைவர் என்றால் என் கணவர்தான். மூன்றாம் தடவை, "கொஞ்சம் கண் கலங்கற மாதிரி பாரும்மா," என்றாள் என் நாத்தனார். மூன்று தடவை ஏறி இறங்கிய களைப்பில் அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. படம் நன்றாக வந்தது.

நன்றிக் கடிதத்துக்கு ஒரு மாதிரியும் தயாரானது. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பரந்த உள்ளத்தால்...' என்று தொடங்கும். பெயரை மட்டும் நிரப்பினால் போதும். அதை எழுதிக் கொடுத்த பாவமும் என்னுடையதுதான்.

அந்த மேடைகளில் என் கணவர் பேசுவதைக் கேட்க வேண்டும். "ஒவ்வொரு பெண் குழந்தையின் கையிலும் ஒரு சோதனைக் குழாய் இருக்க வேண்டும்!" என்பார். கை தட்டல் அடங்க நேரமாகும். வீட்டுக்கு வந்ததும், "ஏம்மா, என் கண்ணாடி எங்க?" என்பார். நெற்றியில் இருக்கும்.

குழுவில் ஒரே ஒரு முறை பெரிய சண்டை வந்தது. நாத்தனார் தன் மகனுக்கு உதவித்தொகை கேட்டாள். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர். என் கணவருக்கு அக்கா என்றால் உயிர். மேசையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"திறமை இருந்தா தலைவர் வீட்டு ஆளா இருந்தாலும் கொடுக்கணும் டாக்டர்! பேர், வயசு, விலாசம் எல்லாத்தையும் கறுப்பு டேப் ஒட்டி மறைச்சுடுவோம். நம்பர் மட்டும் போதும். யாருன்னே தெரியாம தேர்ந்தெடுப்போம்!"

அவர் சொன்ன இரண்டும் சேர்ந்து ஒன்பதாம் விதி ஆனது. டேப் ஒட்டிப் பார்த்ததில் நாத்தனார் மகன் கடைசியாக வந்தான். விதி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இனி என் விஷயம்.

முதுகலை முடித்து ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த மாதத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. அதில் யாரையும் குறை சொல்லவில்லை, மாப்பிள்ளை பிடித்துத்தான் கட்டிக்கொண்டேன். பிறகு மகள், பள்ளிக்கூடம், கழுவிய குழாய்கள். ஒரு வருடம் லிட்மஸ் தாள் வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. பிள்ளைகள் செய்முறைத் தேர்வுக்கு நிற்கிறார்கள். செம்பருத்தி இதழைக் கொதிக்க வைத்து அந்தச் சாற்றில் வடிதாளை நனைத்து உலர்த்தினேன். அமிலம் பட்டால் இளஞ்சிவப்பு, காரம் பட்டால் பச்சை. வேலை நடந்தது. ஆனால் கண்ணாடித் தட்டில் உலர்ந்த தாள் இரண்டு மாதத்தில் வெளுத்துப்போனது. அலுமினியத் தட்டில் உலர்ந்தது இரண்டு வருடம் கழித்தும் நிறம் மாறாமல் இருந்தது. ஏன்? அந்த 'ஏன்' என்னை விடவில்லை. மூன்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினேன்.

விடுமுறைக்கு வந்த தையல்காரர் மகள் அந்த நோட்டுகளைப் பார்த்தாள். இப்போது அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். "மேடம், இத நான் எடுத்துட்டுப் போறேன்," என்றாள். பத்து நாளில் வேதியியல் பேராசிரியை போன் செய்தார். நுழைவுத் தேர்வு எழுதினேன். இடம் கிடைத்தது. முதல் வருடம் சம்பளமில்லாத விடுப்பு எடுக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். அந்த வெள்ளி தவறினால் அடுத்த இடம் இரண்டு வருடம் கழித்து. அப்போது எனக்கு ஐம்பது நெருங்கிவிடும். பேராசிரியையும் ஓய்வு பெற்றுவிடுவார்.

கணவரிடம் மூன்று முறை கேட்டேன். முதல் முறை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை ஷேவ் செய்துகொண்டிருந்தார். மூன்றாம் முறை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றுக்கும் ஒரே பதில்.

"பார்க்கலாம்."

நம் வீடுகளில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. வேண்டாம் என்று சொன்னால் சண்டை போடலாம். பார்க்கலாம் என்பவரோடு எப்படிச் சண்டை போடுவது?

மகளிடம் போனில் புலம்பினேன். "அம்மா, அப்பாகிட்ட கேட்டாதானே 'பார்க்கலாம்'னு பதில் வரும்? தலைவர்கிட்ட கேளு," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. அலமாரியில் இருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்தேன். நாலாம் விதி. ஒன்பதாம் விதி.

விண்ணப்பங்களில் டேப் ஒட்டுவது வருடா வருடம் என் வேலை. "இந்த வருஷம் என்னால முடியாது," என்று கணவரிடம் சொன்னேன்.

"ஏன், வீட்ல உனக்கு அப்படி என்ன வேலை?"

"இருக்கு."

வேலை கிளினிக் வரவேற்புப் பெண்ணிடம் போனது. டைப் அடித்த என் விண்ணப்பம் தபாலில் போனது. அவள் என் பெயர்மேல் டேப் ஒட்டி, பதினேழு என்று எழுதி, வாயை மூடிக்கொண்டாள். அவள் சம்பள உயர்வு கேட்டபோதெல்லாம் டாக்டரும் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தேர்வுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் கூடத்தில். நாலு பேரும் பச்சைச் சட்டையில். வரவேற்புப் பெண் ஒரு மூலையில், மடியில் ஒட்டிய உறையோடு. எந்த நம்பர் யார் என்ற பட்டியல் அதற்குள் இருந்தது. நான் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினாறு வரைக்கும் ஏஜென்ட் கொட்டாவி விட்டார். பதினேழை என் கணவர் கையில் எடுத்தார். முதல் பக்கம் முடிவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர், இதக் கேளுங்க. செம்பருத்தி இதழ்ல தாள் பண்ணிருக்கு இந்தக் குழந்தை! எந்தத் தட்டுல காய வெச்சா நிறம் நிக்குதுன்னு ரெண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்திருக்கு. என்ன பொறுமை! என்ன மூளை!"

சொல்லிக்கொண்டே காலித் தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். அங்கே அலுமினியத் தட்டில் என் செம்பருத்தித் தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. தம்ளர் அவற்றின்மேல் வட்டமாக ஒரு முத்திரை குத்தியது. நான் தம்ளரை எடுத்துக்கொண்டேன். அவர் அதையும் கவனிக்கவில்லை.

"கடைசிப் பத்திய படிங்க தலைவரே," என்றார் ஏஜென்ட், தூக்கம் கலைந்து.

கணவர் மேடைக் குரலில் படித்தார். "'இந்த வேலையைத் தொடர வேண்டும் என்று வீட்டில் கேட்டேன். கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் என்ற பதிலே கிடைத்தது. என் தாள்கள்கூட இரண்டு வருடத்துக்கு நிறம் மாறாமல் காத்திருக்கும். எனக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.'"

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "ஐயோ பாவம்டா. எந்த வீட்டுப் பொண்ணோ."

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் நல்லவர். அடுத்த வீட்டு அநியாயம் அவரால் தாங்கவே முடியாது. போனை எடுத்தார். குழுவின் வாட்ஸ்அப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே! இந்த வருஷம் நம்ம உதவித்தொகை பதினேழாம் எண் குழந்தைக்கு. ஏகமனதான முடிவு. ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். பெத்த பொண்ணு படிக்கணும்னு கேட்டு நிக்கும்போது 'பார்க்கலாம்'னு சொல்ற மனுஷன் எவனா இருந்தாலும் சரி, அவன் முகத்தை நான் பார்க்கணும்! அவனுக்கு வெட்கமா இல்லை?"

விரலை எடுத்தார். போய்விட்டது.

"இப்பவே உறையைப் பிரிச்சிடலாமே," என்றாள் வரவேற்புப் பெண், பவ்யமாக.

டாக்டர் பிரித்தார். விரலை வைத்துத் தேடினார். பதினேழில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தலைவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"என்ன டாக்டர், எந்த ஸ்கூல் பொண்ணு?" என்றார் என் கணவர்.

"ஸ்கூல்தான்... ஆனா பொண்ணு இல்லை." பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினார்.

என் கணவர் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல. ஒன்றும் இல்லை. என் கையில் தேநீர்த் தட்டு இருந்தது. கீழே வைக்க இடம் கிடைக்கவில்லை.

முதலில் வாய் திறந்தது நாத்தனார். "இது அநியாயம்! 'இளம் விஞ்ஞானிகள்'னுதானே ஆரம்பிச்சோம்? இவ எந்த விதத்துல இளம்?"

"அண்ணி, விதி நாலு," என்றேன்.

டாக்டர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். "வயதினர் எவரும் விண்ணப்பிக்கலாம்."

"அப்படின்னா?"

"வயசுன்னு ஒண்ணு இருந்தா போதும் போலிருக்கு."

"எல்லாருக்கும் ஏதோ ஒரு வயசு இருக்கத்தானே செய்யுது," என்றார் ஏஜென்ட்.

"சும்மா இருங்க! தலைவர் பொண்டாட்டிக்கே குடுத்தா ஊரு சிரிக்காது?"

"அதுக்கு விதி ஒன்பது இருக்கு," என்றார் டாக்டர். இந்த வரியைச் சொல்ல அவர் இரண்டு வருடம் காத்திருந்தார் என்று குரலிலேயே தெரிந்தது. "தலைவர் வீட்டு ஆளா இருந்தாலும்."

"அது என் பையனுக்காகப் போட்டதுடா!" என்று நாத்தனார் தம்பியைப் பார்த்துக் கத்திவிட்டாள். பிறகு தேநீரைக் குடிக்க ஆரம்பித்தாள். அது காலியான தம்ளர்.

ஒப்புதல் கடிதத்தில் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். வரவேற்புப் பெண் அதைத் தயாராகக் கொண்டுவந்திருந்தாள். பேனாவையும் திறந்து நீட்டினாள். கையெழுத்து இல்லாமல் கட்டணம் போகாது. வெள்ளிக்கிழமை தாண்டினால் என் இடமும் இருக்காது. என் கணவர் பேனாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன இப்ப அவசரம்..." என்று இழுத்தார். "பார்க்க..."

நிறுத்திவிட்டார். ஆனால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. ஏஜென்ட் குனிந்து தன் கால் விரல்களை ஆராய்ந்தார். மேசைமேல் போன் டிங் என்றது. மறுபடி டிங். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருந்தார்கள். 'சரியான சவுக்கடி தலைவரே.' 'அந்த ஆளை விடாதீங்க.' 'யாருன்னு சொல்லுங்க, நாங்க வர்றோம்.'

எல்லாரும் அவசர வேலை நினைவு வந்து கிளம்பினார்கள். நாங்கள் இரண்டு பேரும், கையெழுத்தாகாத கடிதமும் மிஞ்சினோம்.

"பணம் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே?" என்றார்.

"கேட்டேன்."

"எப்ப?"

"மூணு தடவை."

"நான் என்ன சொன்னேன்?"

மேசையில் இருந்த என் கடைசிப் பக்கத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைப் படிக்கவில்லை. ஏற்கெனவே கூடமே அதிரப் படித்தாயிற்று.

"நான் பார்க்கலாம்னு சொன்னா வேண்டாம்னு அர்த்தமில்லைம்மா."

"வேற என்ன அர்த்தம்?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அவர் யோசிக்கும்போது கீழ் உதடு முன்னால் வரும், கல்யாணமான புதிதில் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். "ஒரு அர்த்தமும் இல்லை. நான் அதப்பத்தி யோசிக்கவே இல்லை."

"அதத்தான் எழுதியிருக்கேன்."

போன் மறுபடி டிங் என்றது. அவர் அதை எடுத்து, தன் குரலைத் தானே போட்டுக் கேட்டார். 'அவனுக்கு வெட்கமா இல்லை?' என்று அவர் குரல் அவரைக் கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போனார். தாளில் விழுந்திருந்த தேநீர் வளையத்தை முதல் தடவையாகப் பார்த்தார்.

"இதுதான் அதுவா?"

"இதேதான். ஒரு தாள் போச்சு."

"எத்தனை நாளா இங்க இருக்கு?"

"ரெண்டு வருஷமா."

"நான் ஏதோ வத்தல்னு நெனச்சேன்," என்றார். கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். ஸ்டாம்பையும் எடுத்து அழுத்திக் குத்தினார். வட்டத்துக்குள் எல்லா வார்த்தைகளும் வசதியாக உட்கார்ந்திருந்தன.

வெள்ளிக்கிழமை சேர்ந்தேன். அடுத்த மாதம் ஆண்டு விழா. அட்டைக் காசோலையின் ஒரு முனையில் அவர், மறு முனையில் நான். புதிதாக வந்திருந்த போட்டோக்காரர் கேமராவில் கண்ணை வைத்தபடியே, "தலைவரே, பாப்பாவ இன்னும் கொஞ்சம் கிட்ட வரச் சொல்லுங்க," என்றார். பிறகு கண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, "சாரி மேடம்," என்றார். முன்வரிசையில் தையல்காரர் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் கணவர் அன்று பேசவில்லை. தொண்டை சரியில்லை என்று ஏஜென்ட் அறிவித்தார்.

காசோலை அட்டை காருக்குள் நுழையவில்லை. அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு என் கணவர் நடந்தே வந்தார், நான் பக்கத்தில். தெருமுனையில் அட்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"நாளைக்குக் காலைல எத்தனை மணிக்குப் போகணும்?"

"ஏழரைக்கு."

"நான் கொண்டு விடறேன்." இன்னும் பத்து அடி நடந்தார். அட்டைக்கு அடியிலிருந்து குரல் தயங்கி வந்தது. "டாக்டர் கேக்கச் சொன்னாரு. ஃபைல்ல வைக்கணுமாம். அந்த நன்றிக் கடிதம்... எப்ப எழுதித் தருவே?"

"பார்க்கலாம்," என்றேன்.